‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’: அர்ஜுன் போட்ட 40 வயசு கணக்கு நமக்கு செட் ஆகுமா?

‘சீக்கிரம் ரிடையர் ஆகலாமா’ வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே படத்தோட பேரை எழுதியிருந்தீங்க. ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’. ஸோயா அக்தர் டைரக்ட் பண்ணி 2011 ஜூலைல வந்த இந்திப் படம். தலைப்புக்கு, வாழ்க்கை இன்னொரு தடவை கிடைக்காதுன்னு அர்த்தம். இந்த ஒரு வரியைச் சொல்லியே பாதி பேர் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறாங்க, மீதி பேர் ரிசைன் லெட்டர் டைப் பண்றாங்க. அதனால இந்தப் படத்தை ஒரு ஆடிட்டர் கண்ணோட பாத்துடலாம்னு இந்தப் பதிவு. படம் பாக்காதவங்க கவனம், கதை வெளிய வரும்.

மூணு காலேஜ் நண்பர்கள். அர்ஜுன் (ஹ்ரித்திக் ரோஷன்) லண்டன்ல ஃபைனான்ஸ் புரோக்கர். தூங்குற நேரம் தவிர எல்லா நேரமும் வேலை. கபீர் (அபய் தியோல்) மும்பைல குடும்பத்தோட கட்டுமான பிசினஸ்ல இருக்கான், கல்யாணம் நிச்சயமாயிருக்கு. இம்ரான் (ஃபர்ஹான் அக்தர்) டெல்லியில விளம்பரத்துக்கு வாசகம் எழுதற காப்பிரைட்டர். ரகசியமா ஒரு நோட்டுல கவிதை எழுதுவான். கபீர் கல்யாணத்துக்கு முன்னாடி மூணு பேரும் மூணு வாரம் ஸ்பெயின் போறாங்க. ஆளுக்கொரு சாகச விளையாட்டைத் தேர்ந்தெடுக்கணும், மத்த ரெண்டு பேரும் மறுபேச்சு பேசாம அதைச் செஞ்சாகணும். கடலுக்கடியில டைவிங், விமானத்துலேர்ந்து குதிக்கிறது, கடைசியா பாம்ப்லோனாவுல காளைகளுக்கு முன்னாடி ஓடுறது.

நடுவுல ஒரு சின்ன விஷயம். பாம்ப்லோனாவுல சான் ஃபெர்மின் திருவிழா ஜூலை 6-லேர்ந்து 14 வரைக்கும். தக்காளியை வீசி விளையாடுற லா டொமாட்டினா, பூன்யோல்ங்கிற ஊர்ல ஆகஸ்ட் மாசம் கடைசி புதன்கிழமை. மூணு வாரத்துல ரெண்டையும் பாக்கவே முடியாது, அதுவும் தக்காளியை முதல்ல முடிச்சிட்டு காளைக்குப் போறதுக்கு வாய்ப்பே இல்ல. படம் பாத்துட்டு அதே பிளானோட டிக்கெட் போடறவங்க தேதியை சரி பாத்துட்டுப் போடுங்க. தேதி டேலி ஆகலன்னா எனக்குக் கை சும்மா இருக்காது, தொழில் அப்படி.

அர்ஜுனோட பிளான் என்ன? நாப்பது வயசு வரைக்கும் மாடு மாதிரி உழைச்சு சம்பாதிக்கிறது, அப்புறம் ரிடையர் ஆகி நிம்மதியா இருக்கிறது. டைவிங் சொல்லித்தர்ற லைலா (கத்ரீனா கைஃப்) இதைக் கேட்டுட்டு, நாப்பது வரைக்கும் உயிரோட இருப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்ங்கிற மாதிரி ஒரு கேள்வி கேப்பா. தியேட்டர்ல எல்லாரும் லைலா பக்கம் சாஞ்சிருப்பாங்க. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கேள்வி இருக்கு.

முதல்ல அர்ஜுன். அவன் சம்பாதிக்கிறது பவுண்டுல. நம்ம ஊர் சம்பளத்துல அந்தக் கணக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்.

எங்க ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். 27 வயசு, ஐடி வேலை. அழகா ஒரு எக்ஸெல் ஷீட் வெச்சிருந்தார், கலர் கலரா. நாப்பதுல ரிடையர்மென்ட். மாசச் செலவு இப்போ 40,000 ரூபாய். வருஷச் செலவு மாதிரி 25 மடங்கு சேத்துட்டா போதும்னு 1.2 கோடி எழுதியிருந்தார்.

அந்த 25 மடங்குங்கிறது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணும். வில்லியம் பெங்கன்ங்கிற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல எழுதின ஒரு கட்டுரைதான் அதுக்கு மூலம். சேத்த பணத்துலேர்ந்து முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கிட்டே போனா 30 வருஷம் தாக்குப்பிடிக்கும்னு அமெரிக்க சந்தை டேட்டாவை வெச்சு சொன்னார். கவனிங்க: அமெரிக்க டேட்டா, 30 வருஷம். அறுபத்தஞ்சு வயசுல ரிடையர் ஆகறவருக்கு அது சரி. நாப்பதுல நிறுத்திட்டு எண்பத்தஞ்சு வரைக்கும் வாழப்போறவருக்கு 45 வருஷம் வேணுமே?

சரி, போட்டுப் பாத்தோம். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னா, இன்னைக்கு 40,000 இன்னும் 13 வருஷத்துல ஏறக்குறைய 85,000 ஆயிடும். வருஷத்துக்கு 10.24 லட்சம். ரிடையர் ஆனப்புறம் பணம் விலைவாசிக்கு மேல ஒன்றரை சதவீதம் வளருதுன்னு வெச்சா, 45 வருஷத்துக்கு 33 மடங்கு தேவை. அதாவது 3.38 கோடி. 12 சதவீதம் வளர்ச்சின்னு தாராளமா வெச்சுக்கிட்டாலும் (எந்த ஃபண்டும் இதுக்கு உத்தரவாதம் தராது) மாசம் 90,000 ரூபாய் எஸ்ஐபி போடணும். செலவு 40,000, சேமிப்பு 90,000. கைக்கு வர்ற சம்பளம் 1.3 லட்சம் இருக்கணும், அதுவும் இன்னைக்கே. வெளிய எடுக்கும்போது கட்ட வேண்டிய கேப்பிடல் கெயின்ஸ் வரி இதுல சேக்கல.

அதே தம்பி 50-ல நிறுத்தினா? செலவு 23 வருஷத்துல மாசம் 1.53 லட்சம் ஆகும், தொகை 4.95 கோடி. பெருசா தெரியுது இல்ல? ஆனா எஸ்ஐபி வெறும் 33,600. பத்து வருஷம் தள்ளினதுக்கு மாசச் சுமை மூணுல ஒரு பங்கா குறையுது. பணம் வளர்றதுக்குப் பத்து வருஷம் கூடக் கிடைக்குது, அதை உக்காந்து சாப்பிடற காலமும் பத்து வருஷம் குறையுது. ரெண்டு பக்கமும் லாபம்.

ஆனா அந்த ஷீட்ல என்னை உறுத்தினது மடங்கு இல்ல. கல்யாணத்துக்கு வரி இருந்துச்சு, காருக்கு வரி இருந்துச்சு, வருஷத்துக்கு ஒரு ட்ரிப்புக்குக்கூட இருந்துச்சு. அப்பா அம்மாவுக்கு ஒரு வரி இல்ல. அப்பா தனியார் கம்பெனில வேலை பாத்து ரிடையர் ஆனவர், பென்ஷன் சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஹெல்த் இன்சூரன்ஸ் தம்பியோட ஆபீஸ் பாலிசி மட்டும்தான். நாப்பதுல வேலையை விட்டா அந்த பாலிசியும் அன்னைக்கே போயிடும், அப்போ அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். சொன்னதும் ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தார். நாங்க முதல்ல பண்ணது பெற்றோருக்குத் தனி பாலிசி. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஹெல்த், டேர்ம் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லாததால பிரீமியம் கொஞ்சம் தாங்குற மாதிரி ஆச்சு.

இப்போ லைலாவோட கேள்விக்கு வருவோம். நாப்பது வரைக்கும் இருப்பியான்னு கேட்டா, படத்துல அர்ஜுனுக்குக் கண்ணு திறக்கும். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டா, ‘நாமினேஷன் போட்டாச்சா?’ன்னுதான் காதுல விழுது. சிரிக்காதீங்க. பிஎஃப் போர்ட்டல்ல உள்ள போய் இ-நாமினேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்க. வேலைக்குச் சேந்தப்போ யாரோ ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன்னு சொல்றவங்கதான் அதிகம். சட்டம் குடும்பம்னு சொல்ற ஆட்கள் இருந்தா பிஎஃப்-க்கு நண்பனை நாமினியா போட முடியாது. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணத்தோட செல்லாம போயிடும், திரும்பப் போடணும். இது பாதி பேருக்குத் தெரியவே தெரியாது. பிஎஃப்-ஓட ஒட்டி வர்ற இடிஎல்ஐ இன்சூரன்ஸ்ல, வேலையில இருக்கும்போது இறந்துட்டா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் வரும். நாமினேஷன் சரியா இல்லன்னா அந்தப் பணத்துக்காக அம்மாவை ஆபீஸ் ஆபீஸா அலைய விடுவாங்க.

ட்ரிப் போகவே கூடாதா?

நான் அந்தக் கட்சி இல்ல. முதல் டைவ் முடிஞ்சு மேல வந்ததும் அர்ஜுன் அழுவானே, அந்த சீன் எனக்கு இப்பவும் பிடிக்கும். அந்த அழுகைக்கு விலை போட முடியாது, ஆனா ட்ரிப்புக்கு விலை இருக்கு. படத்துல பில் எங்கயும் பெரிய விஷயமா வராது. ஃபர்ஹான் டைரக்ட் பண்ண ‘தில் சாஹ்தா ஹை’யிலயும் (2001) அப்படித்தான், மூணு பேரும் காரை எடுத்துக்கிட்டு கோவா கிளம்பிடுவாங்க. பசங்க வசதியான வீட்டுப் பசங்க.

உங்க பங்கு 3 லட்சம்னு வெச்சுக்குவோம். பர்சனல் லோன் 14 சதவீதத்துல, மூணு வருஷத்துக்கு எடுத்தா இஎம்ஐ 10,250 ரூபாய் சுமார். மொத்தம் 3.69 லட்சம் கட்டுவீங்க. அதுக்குப் பதிலா ரெண்டு வருஷம் முன்னாடியே மாசம் 11,700 ரூபாய் ஆர்டி போட்டா, 6.5 சதவீத வட்டியில 3 லட்சம் வந்துடும், உங்க கையிலேர்ந்து போறது 2.8 லட்சம். அதே ட்ரிப், அதே தக்காளி, வித்தியாசம் ஏறக்குறைய 89,000. ஸ்பெயின்லேர்ந்து வந்து மூணு வருஷம் கழிச்சும் ஸ்பெயினுக்கு இஎம்ஐ கட்டறவங்களைப் பாத்திருக்கேன். போட்டோ இன்ஸ்டாகிராம்ல கீழ எங்கயோ போயிருக்கும். கிரெடிட் கார்டுல மினிமம் ட்யூ மட்டும் கட்டி ஓட்டறவங்களுக்கு வட்டி வருஷத்துக்கு 40 சதவீதம் பக்கம் போகும், அதைப் பத்திப் பேசவே வேணாம்.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ கவர் உள்ள டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனா சாதாரண பாலிசில ‘இதுக்கெல்லாம் பணம் தரமாட்டோம்’னு ஒரு பக்கம் இருக்கும். ஸ்கை டைவிங், ஆழ்கடல் டைவிங்னு அந்தப் பக்கத்தைப் படிச்சா இந்தப் படத்தோட திரைக்கதையைப் படிக்கிற மாதிரியே இருக்கும். அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் கவர் தனியா கேட்டு வாங்கணும். காளைக்கு முன்னாடி ஓடுறதுக்குக் கவர் குடுக்கிற பாலிசியை நான் இன்னும் பாக்கல.

ஒரே கார், மூணு சம்பளம்

இந்தப் படத்துல யாரும் பேசாத விஷயம் இதுதான்னு எனக்குத் தோணும். லண்டன் புரோக்கர், பில்டர் வீட்டுப் பையன், காப்பிரைட்டர். மூணு பேரும் ஒரே ஹோட்டல்ல தங்கறாங்க. செலவை மூணா வகுத்தா, அர்ஜுனுக்கு ஒரு வார சம்பளம் ஆகறது இம்ரானுக்கு நாலஞ்சு மாச சம்பளமா இருக்கும். நம்ம கேங்க்லயும் இதேதான். காலேஜ்ல எல்லார் பாக்கெட்லயும் ஒரே மாதிரி காசு இல்லாம இருந்துச்சு. வேலைக்குப் போன அஞ்சாவது வருஷம் ஒருத்தன் 18 லட்சம் வாங்கறான், ஒருத்தன் 5 லட்சம் வாங்கறான். அஞ்சு லட்சம்காரன் ‘லீவு கிடைக்கலடா’ம்பான். லீவு கிடைச்சிருக்கும்.

நான் பாத்த வரைக்கும் வேலை செய்யற வழி ஒண்ணுதான். ஊரை முடிவு பண்றதுக்கு முன்னாடி தொகையை முடிவு பண்ணுங்க. ஒவ்வொருத்தரும் தன்னால முடிஞ்ச தொகையை ஒருத்தர்கிட்ட மட்டும் தனியா சொல்லட்டும், அதுல இருக்கிறதுலயே சின்ன தொகைக்குத்தான் ட்ரிப். ஸ்பெயின் வராதுன்னா வியட்நாம் போங்க, அதுவும் வராதுன்னா கூர்க் போங்க. நிறைய சம்பாதிக்கிறவருக்கு பிசினஸ் கிளாஸ்தான் வேணும்னா அவர் காசுல தனியா ஏறிக்கட்டும், காரும் சாப்பாடும் பொதுவுல இருக்கட்டும்.

அப்புறம் புக்கிங். பாயின்ட்ஸ் வரும்னு ஒருத்தர் கார்டுலயே எல்லாரோட பேக்கேஜையும் போடற பழக்கம் இருக்கு பாருங்க, அங்கதான் எங்க வேலை ஆரம்பிக்குது. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா ஏஜென்ட் டிசிஎஸ் பிடிப்பார். வெளிநாட்டுக்குப் பணமா அனுப்பறதுக்கு 2025 ஏப்ரல்லேர்ந்து வருஷத்துக்கு 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் இல்ல, ஆனா பேக்கேஜுக்கு முதல் ரூபாய்லேர்ந்தே உண்டு. ரேட்டு பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, புக் பண்ற அன்னைக்கு என்னன்னு பாத்துக்கோங்க. இது போயிடற காசு இல்ல, ஐடிஆர்ல கழிச்சுக்கலாம். ஆபீஸ்ல சொல்லி சம்பள டிடிஎஸ்லயே குறைச்சுக்கவும் 2024 அக்டோபர்லேர்ந்து வழி இருக்கு. ஆனா டிசிஎஸ் யார் பான் நம்பர்ல பிடிச்சாங்களோ அவருக்குத்தான் கிரெடிட். மூணு பேர் பேக்கேஜையும் கபீர் பான்ல போட்டுட்டு, டிசிஎஸ்ஸோட சேத்து மூணா வகுத்து வாங்கினா, இம்ரான் கட்டின வரியை கபீர் ரீஃபண்டா வாங்கிப்பான். வேணும்னு இல்ல, யாருக்கும் தெரியாமலே நடக்கும். ஏஜென்ட்கிட்ட ஆளுக்கொரு பில் கேளுங்க.

இன்னொண்ணு, தனக்காகவோ வேற ஒருத்தருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் ஐடிஆர் போட்டாகணும். கார்டு பில்லுக்கு வருஷத்துல 10 லட்சமும் அதுக்கு மேலயும் கட்டினா பேங்க் வருமான வரித் துறைக்கு ரிப்போர்ட் பண்ணும். உங்க சம்பளம் 9 லட்சம், கார்டு பில் 11 லட்சம்னா நோட்டீஸ் வர வாய்ப்பிருக்கு. நண்பர்கள் திருப்பி அனுப்பின பங்கு உங்க வருமானம் இல்ல, ஆனா அதைக் காட்ட ஆதாரம் வேணும். யுபிஐ-ல அனுப்பும்போது ஒரு பார்ட்டி எமோஜிக்குப் பதிலா ‘ஸ்பெயின் ட்ரிப் ஷேர்’னு எழுதச் சொல்லுங்க. எமோஜியை வெச்சுக்கிட்டு ஆபீசருக்குப் பதில் எழுதறது கஷ்டம்.

நண்பன் உறவினர் இல்ல

இதைச் சொன்னா நிறைய பேருக்குக் கோவம் வருது. வருமான வரிச் சட்டத்துல சொந்தக்காரங்க லிஸ்ட் இருக்கு. கணவன், மனைவி, உடன்பிறந்தவங்க, அப்பா அம்மாவோட உடன்பிறந்தவங்கன்னு நீளமா போகும். இருபது வருஷம் கூட இருந்த நண்பனுக்கு அதுல இடம் இல்ல. உறவினர் அல்லாதவங்ககிட்டேர்ந்து வருஷத்துல மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல பணம் பரிசா வந்தா, தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, முழுத் தொகைக்கும் வரி. உங்க கல்யாணத்துக்கு வர்ற பரிசுக்கு மட்டும் விலக்கு. கஷ்டத்துல இருக்கிற நண்பனுக்கு 80,000 அனுப்பறீங்கன்னா, அது கடனா பரிசான்னு அன்னைக்கே ஒரு மெசேஜ்ல எழுதிடுங்க. கடன்னா வரி இல்ல.

கடன்னா கேஷா குடுக்காதீங்க. 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் கேஷா கடன் வாங்கினா, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். உதவி பண்ணப் போய் அவனை மாட்டி விட்ட மாதிரி ஆயிடும். தேதி எதுவும் எழுதாத கடனுக்கு, குடுத்த நாள்லேர்ந்து மூணு வருஷம்தான் கோர்ட்டுல கேக்க முடியும். நடுவுல அவர் ‘இவ்வளவு பாக்கி’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அந்த மூணு வருஷம் புதுசா ஓட ஆரம்பிக்கும். கேரண்டி கையெழுத்து இதைவிடப் பெருசு. லோன் வாங்கினவரைத் துரத்தி ஓய்ஞ்சு போனப்புறம்தான் நம்மகிட்ட வருவாங்கன்னு நினைக்காதீங்க. பேங்க் நேரா உங்ககிட்டயே கேக்கலாம், முழுத் தொகையையும்.

கபீரும் அந்த மோதிரமும்

கடைசியா கபீர். அவன் வாங்கின மோதிரம் அம்மாவுக்கு. நடாஷா (பாண்டிச்சேரில பொறந்த நம்ம கல்கி கோச்லின்) அதைப் பாத்துட்டுத் தனக்குன்னு நினைச்சு சந்தோஷப்படுவா. ரெண்டு குடும்பமும் கொண்டாடும். கபீரால ‘இல்ல’ன்னு சொல்ல முடியல. கல்யாணம் வரைக்கும் போயிடுது. அவன் வாயைத் திறக்கிறது படம் முடியப்போற நேரத்துலதான்.

மூணு பேர்ல என் கிளையன்ட்ஸ் மாதிரியே இருக்கிறது இவன்தான். அப்பாவோட நண்பர் வீட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டு ஒரு ஃபார்மை நீட்டுவார். வருஷத்துக்கு 60,000, இருபது வருஷம். இன்சூரன்ஸும் கம்மி, ரிட்டர்னும் கம்மி. பையனுக்குத் தெரியும். ஆனா அங்கிள் சின்ன வயசுலேர்ந்து தூக்கி வளத்தவர். கையெழுத்துப் போட்டுடுவான். ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட வந்து சரண்டர் பண்ணா எவ்வளவு வரும்னு கேப்பான். கட்டினதுல கணிசமான பங்கு போயிருக்கும்.

அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு இன்னும் ஒரு மாசம் ஆகாதவங்களுக்கு: ஆயுள் பாலிசிக்கு ஃப்ரீ லுக்னு 30 நாள் அவகாசம் உண்டு, பாலிசி பத்திரம் உங்க கைக்கோ மெயிலுக்கோ வந்த தேதியிலேர்ந்து எண்ணணும். 2024-க்கு முன்னாடி இது பல பாலிசிகளுக்கு 15 நாளா இருந்துச்சு, இப்போ ஐஆர்டிஏஐ விதிப்படி 30. காரணத்தை ஒரு வரியில எழுதி கம்பெனிக்கே நேரா மெயில் அனுப்புங்க, அங்கிள் மூலமா அனுப்ப வேணாம். அதுவரைக்கும் இருந்த கவருக்கான சின்ன தொகை, மெடிக்கல் டெஸ்ட் செலவு, ஸ்டாம்ப் கட்டணம் கழிச்சுட்டு மீதி பணம் உங்க அக்கவுன்டுக்கு வரும். அந்த மெயிலோட காப்பி ஒண்ணை எடுத்து வெச்சுக்கோங்க.